பொன்னியா, கோ 51-ஆ? தண்டைப் பார்த்து எடுத்த முடிவு

வேலூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் நெல் வைக்கிற பலரும் விதை வாங்கும் முன் இந்த இரண்டு ரகங்களை எடைபோட்டுப் பார்ப்பார்கள். நான் வெள்ளைப் பொன்னியை விட்டு கோ 51-க்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகும் எண்ணமில்லை.

பொன்னியின் பெருமை ஊரறிந்தது. சோறு நன்றாக இருக்கும், ஆரணி அரிசி ஆலைகளில் கேட்டு வாங்குவார்கள், வைக்கோலும் நீளமாகக் கிடைக்கும். கோ 51-இன் வயது 105 முதல் 110 நாள். பொன்னி அதைவிட ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகக் கழனியில் நிற்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கும் ஆண்டில் அந்த ஒரு மாதத்தின் அருமை தெரியும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப்பட்டது தண்டு. விளைச்சல் என்பது கதிர்களின் எண்ணிக்கை, ஒரு கதிரிலுள்ள மணிகள், மணியின் எடை ஆகிய மூன்றின் பெருக்கல். விதை வாங்கும்போது தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) எத்தனை, கதிர் எவ்வளவு நீளம் என்றுதான் கேட்கிறோம். ஆனால் தூர் கூடினால் கதிர் சிறுக்கும், மணி கூடினால் எடை குறையும். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குவது பயிரின் இயல்பு. இதைத் தாண்டி விளைச்சலை ஏற்ற வேண்டுமானால் உரம் கூட வேண்டும். அந்த உரத்தையும் அதனால் வரும் கதிர்க் கனத்தையும் தண்டு தாங்க வேண்டும்.

பொன்னி அங்கேதான் தோற்கிறது. பரிந்துரையிலேயே இது தெரிகிறது: பொன்னிக்குத் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) எக்டேருக்கு 75 கிலோ, நம் பகுதியில் குறுகிய கால ரகங்களுக்கு 120 கிலோ. பொன்னிக்கு யூரியா சற்றுக் கூடினாலும் நெட்டைத் தண்டு இன்னும் நீண்டு, ஒரு காற்று மழைக்குப் படுத்துவிடும். பால்பிடிக்கும் நேரத்தில் சாய்ந்தால் இலைமேல் இலை விழுந்து வெயில் படாது, மணி நிரம்பாமல் பதராகும். முற்றிய பிறகு சாய்ந்தால் ஈரத்தில் கிடந்து கதிரிலேயே முளைக்கும். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். படுத்த பயிரில் அது ஊர்ந்துதான் போகும், அப்படியும் தரையில் கிடக்கும் கதிரை விட்டுவிடும். நட்டம் விளைச்சலோடு நிற்பதில்லை, கூலியிலும் சேர்ந்துகொள்கிறது.

கோதுமையின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் மரபணுக்களை மெக்சிகோவில் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் தம் ரகங்களுக்குள் கொண்டுவந்தார். அவற்றில் லெர்மா ரோஜோவும் சோனோரா 64-ம் 1960-களில் இந்தியாவுக்கு வந்தன. அதுவரை உரம் போட்டால் சாய்ந்த கோதுமை நிமிர்ந்து நின்றது. தண்டுக்குப் போய்க்கொண்டிருந்த சத்து மணிக்குத் திரும்பியது. நெல்லில் 1966-இல் வந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் அதே வேலையைச் செய்தது. வழி மட்டும் வேறு: ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி உடலில் இருந்தாலும் குட்டைக் கோதுமை அதற்கு அவ்வளவாக இசைவதில்லை, குட்டை நெல்லில் அந்த ஊக்கி சுரப்பதே குறைவு. குட்டை என்றால் எவ்வளவு குட்டையும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மிகவும் குறுகினால் இலைகள் நெருங்கி ஒன்றையொன்று மறைத்து விளைச்சல் மறுபடி இறங்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொன்னியை மழைக்காலச் சம்பாப் பட்டத்திலும் கோ 51-ஐ அதற்குப் பின் வரும் நவரைப் பட்டத்திலும் வைத்துப் பார்த்தவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொன்னிதான் வாங்கிக்கொண்டது. ஆகவே என் கழனியில் கண்ட வித்தியாசம் முழுவதையும் தண்டின் கணக்கில் எழுத முடியாது. சம்பா மழையில் கோ 51 எப்படி நிற்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கால் ஏக்கரில் பொன்னி வைப்பவரை நான் தடுக்க மாட்டேன். அவர் பக்கத்துக் கழனியின் பச்சையைப் பார்த்து யூரியா மூட்டையைப் பிரிக்காமல் இருந்தால் போதும்.