முட்டி மாத்து ஆபரேஷன்: ரத்தத்தை மிச்சப்படுத்துறது பட்டையா, மருந்தா, டியூபா?

முட்டி மாத்துறாங்கன்னாலே வீட்ல இருக்கறவங்க முதல்ல கேக்கறது "எத்தனை யூனிட் ரத்தம் ரெடி பண்ணணும்?"னுதான். ஒரு காலத்துல நியாயமான கேள்வி, ஏன்னா எலும்பை வெட்டின இடம் கசிஞ்சுகிட்டே இருக்கும், மொத்த இழப்பு ஒரு லிட்டரைத் தாண்டுறது சகஜம், அதுலயும் பெரும்பங்கு மூட்டுக்குள்ளயும் தொடை சதைக்குள்ளயும் தேங்கிப்போய் யார் கண்ணுக்கும் தெரியாது. இப்ப பெரும்பாலானவங்களுக்கு ஒரு யூனிட்கூட ஏத்தாமலே முடிஞ்சுடுது. அந்தப் பெருமை யாருக்குப் போகணும்ங்கறதுதான் விஷயம்.

முதல்ல டூர்னிக்கே. தொடையில பட்டை கட்டி காத்தடிச்சு ரத்த ஓட்டத்தையே நிறுத்திடுவாங்க, சர்ஜனுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியும், சிமென்ட் போடவும் எலும்பு காய்ஞ்சு இருக்கும். ஆனா ரத்தம் மிச்சம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பட்டையைத் தளர்த்தினதும் காலுக்குள்ள ரத்தம் பாயும், உறைஞ்சதைக் கரைக்கிற வேலையும் உடம்புல வேகமெடுக்கும், டேபிள்ல போகாதது அன்னிக்கு ராத்திரி உள்ளுக்குள்ள போகும். கடனைத் தள்ளிப்போட்ட கதைதான், வட்டியா தொடை வலி வேற.

டிராநெக்ஸாமிக் ஆசிட் வேற ரகம். ஜப்பான்ல ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடிச்சு 1962ல வெளியிட்ட பழைய மருந்து. ரத்தம் உறைய ஃபைப்ரின் வலை பின்னும், அதைக் கரைக்க உடம்பே பிளாஸ்மின் தயாரிக்கும், அது வலையைப் பிடிக்கிற இடத்தை இந்த மருந்து போய் அடைச்சுக்கும். அதாவது புதுசா எதையும் உறைய வைக்கறதில்ல, உறைஞ்சதைக் கரைய விடாம பாத்துக்குது. "ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்குமே"னு பயப்படறவங்க இதைத்தான் கவனிக்கணும். கீறறதுக்கு முன்னாடி நரம்புல 1 கிராம், இல்லேன்னா மூட்டுக்குள்ளயே 1லேர்ந்து 3 கிராம் வரை சலைன்ல கலந்து ஊத்தறது, இல்லேன்னா ரெண்டு மணி நேரம் முன்னாடி மாத்திரையா சுமார் 2 கிராம். மூணுல எதுவானாலும் பலன்ல பெருசா வித்தியாசம் இல்ல, மாத்திரைதான் மலிவு. கிட்னி சரியில்லாதவங்களுக்கு டோஸ் குறைக்கணும், ஏற்கனவே ரத்தக்கட்டி இருக்கறவங்களுக்கும் வலிப்பு வந்தவங்களுக்கும் டாக்டர் யோசிச்சுதான் குடுப்பாங்க.

மூட்டுக்குள்ள தேங்கற ரத்தத்தை வெளிய பாட்டிலுக்கு இழுக்க வெக்கற டிரெயின் டியூபைப் பாத்தா திருப்தியா இருக்கும், பாட்டில் நிறையுதுல்ல! உள்ள தேங்கற ரத்தமே அழுத்தம் குடுத்து கசிவை அடக்கும், நாம அதை உறிஞ்சி எடுத்துட்டு அப்புறம் வேற ரத்தம் ஏத்துவோம். வேணும்னு தேடி வைக்கற பொருள் இல்ல இது. அந்தப் பாட்டில் ரத்தத்தையே வடிகட்டித் திருப்பி ஏத்துற மெஷினும் இருக்கு, மருந்து வந்தப்புறம் அதுக்கு வேலை குறைஞ்சுபோச்சு. முன்கூட்டியே சொந்த ரத்தம் எடுத்து வெக்கறது இன்னும் மோசம், ஆளை ரத்த சோகையோட டேபிளுக்கு அனுப்பிட்டு, எடுத்த பையில பாதி வீணாப்போகும்.

இதையெல்லாம் விட பெருசு, உள்ள போகும்போது ஹீமோகுளோபின் எவ்வளவுங்கறது. 14ல போனவர் மூணு புள்ளி இறங்கினாலும் 11ல நிப்பார், 10.5ல போனவர் 7.5க்கு வந்துடுவார், ரெண்டு பேருக்கும் போன ரத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 13க்குக் கீழ இருந்தா காரணம் பாக்கணும். உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் 30க்குக் கீழன்னா இரும்புச்சத்து இல்லேன்னு அர்த்தம், நாள் இருந்தா மாத்திரை போதும், வயித்துக்கு ஒத்துக்கலேன்னாலோ தேதி நெருங்கிட்டாலோ நரம்பு வழி இரும்பு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுற எரித்ரோபொயட்டின் ஊசி ஹீமோகுளோபின் அளவை ஏத்தும், ஆனா விலையும் ரத்தக்கட்டி ரிஸ்க்கும் கூடவே வருது, அதனால எல்லாருக்கும் கிடையாது.

அப்புறம் ஏத்தறதுக்கான கோடு. முன்னாடி 10க்குக் கீழ வந்தாலே ஏத்துவாங்க, இப்ப 8க்குக் கீழ இறங்கினாலோ தலைசுத்தல், நெஞ்சுவலின்னு தொந்தரவு இருந்தாலோதான். ஒரு யூனிட் சுமார் 1 புள்ளி ஏத்தும், ரத்தம் நிக்காம போற அவசரம் இல்லேன்னா அதோட நிறுத்திட்டு திரும்ப டெஸ்ட் பாத்துட்டுத்தான் ரெண்டாவதைத் தொடணும்.