பாதசாரிக் கடவையா, சமிக்ஞை விளக்கா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்க வெறும் பாதசாரிக் கடவை போதுமா, பொத்தானை அழுத்தினால் வாகனங்களை நிறுத்தும் சமிக்ஞை விளக்கு வேண்டுமா என்று எங்கள் தொடர்மாடியில் பலர் கேட்கிறார்கள்.

செலவு: கடவைக்குப் பூச்சும் பலகையும் போதும். விளக்கிற்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் விளக்குகள் அணைந்து கிடந்ததை மறக்க முடியாது.

காத்திருப்பு: கடவையில் சாரதி நிறுத்தினால் உடனே போகலாம், விளக்கில் முறை வரும்வரை நிற்க வேண்டும்.

பாதுகாப்பு: எனக்கு இதுவே முதன்மையானது. கடவைக்கு முன் பஸ் நிற்கிறது, சாரதி கையசைத்துப் போகச் சொல்கிறார். பிரம்பூன்றிய அம்மா ஒருவர் பஸ்ஸின் முகப்பைத் தாண்டும் கணத்தில், அடுத்த நிரலில் வரும் மோட்டார் சைக்கிள் அவருக்கும், அவர் அந்த ஓட்டுநருக்கும் தெரிவதில்லை. அது மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். சிவப்பு விளக்கோ எல்லா நிரல்களையும் ஒருசேர நிறுத்தச் சொல்கிறது. ஆயினும் செக்கனுக்கு 0.8 மீற்றர் நடக்கும் முதியவருக்கு 12 மீற்றர் அகலத்தைக் கடக்க 15 செக்கன் தேவை. பாதசாரிக்கான பச்சை அதற்குமுன் மாறினால் அவர் நடுவீதியில் தவிப்பார்.

ஆகவே பல நிரல்கள் ஓடும் காலி வீதிக்கு, முதியோர் நடைக்கு ஏற்ப நேரம் வைத்த விளக்கே பொருந்தும். வாகனங்கள் மெதுவாக வரும் ஒழுங்கை முகப்புகளுக்கும், காலையில் பொலிசார் நின்று மறிக்கும் பாடசாலை வாசல்களுக்கும், நன்கு தெரியும்படி பூசப்பட்ட கடவை போதும்.