காதோடு போனா, ஸ்பீக்கரா, ஹெட்செட்டா: கதிர்வீச்சுக்கு எது பரவாயில்லை?

செல்போன் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இதை '2பி' பட்டியலில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் சேர்த்தது உண்மைதான். ஆனால் அதே நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024-ல் வெளிவந்த பெரிய மதிப்பாய்வு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. எக்ஸ்ரே போல டிஎன்ஏவின் பிணைப்புகளை உடைக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்குக் கிடையாது. திசுவை லேசாகச் சூடாக்கும். அதற்கும் வரம்பு வைத்துத்தான் போன்களை விற்கவே விடுகிறார்கள்.

சரி, இருந்தாலும் மனசு கேட்கவில்லை, முடிந்தவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எந்த வழி?

போனைக் காதில் ஒட்டிப் பேசும்போதுதான் தலைக்கு அதிகம் கிடைக்கிறது. அதிலும் சிக்னல்தான் முக்கியம். லிஃப்டுக்குள் ஒற்றைக் கோடு சிக்னலில் "ஹலோ, கேக்குதா?" என்று கத்துகிறோமே, அந்த நேரத்தில் டவரை எட்டிப் பிடிக்க போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. திறந்த வெளியில், டவருக்குப் பக்கத்தில் பேசும்போது அதில் சிறு பங்குதான் செலவாகும். வெளியே வந்து பேசினாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் தலைக்கு வருவது மளமளவென்று குறைந்துவிடும். கைக்காசு செலவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். வயர் ஹெட்செட்டிலும் இதே தூரம் கிடைக்கும், பேச்சும் நம்மோடு இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். போனைச் சட்டைப்பையில் போடாமல் மேசையில் வைத்தால் போதும்.

ப்ளூடூத் மீதுதான் பலருக்கும் பயம், காதுக்குள்ளேயே வைக்கிறோமே என்று. கணக்கைப் பாருங்கள்: 4ஜி போன் உச்சத்தில் சுமார் 200 மில்லிவாட் வரை அனுப்பும், பல ஹெட்செட்களில் இருக்கும் குறைந்த சக்தி ரகமான 'இரண்டாம் வகுப்பு' ப்ளூடூத்துக்கு உச்சவரம்பே 2.5 மில்லிவாட். போனைக் காதில் வைத்துக்கொண்டு ப்ளூடூத்துக்குப் பயப்படுவதில் அர்த்தமே இல்லை. ஹெட்செட் எதுவானாலும் சத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செவித்திறன் போவது நிரூபணமான கெடுதல், போனால் திரும்பாது.

கடைசியாக, போனின் முதுகில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர். இதை வாங்கவே வாங்காதீர்கள். போன் பேச வேண்டுமென்றால் அலை வெளியே போயே ஆக வேண்டும். ஸ்டிக்கர் உண்மையிலேயே தடுத்தால், போன் இன்னும் சக்தியைக் கூட்டித்தான் டவரைத் தேடும்.