அமுக்கராப் பால்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

அமுக்கராக் கிழங்கை, அதாவது அஸ்வகந்தா வேரை, பாலில் காய்ச்சி இரவில் குடிக்கும் பழக்கம் எனக்குச் சில வருடங்களாக இருக்கிறது. என்ன பலன் என்று கேட்டால், தூக்கம் என்றுதான் சொல்வேன். படுத்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நினைப்பு சீக்கிரம் அடங்குகிறது, நடுராத்திரி விழிப்பும் குறைந்திருக்கிறது. குடித்த அன்றே இது நடக்கவில்லை. சில வாரம் விடாமல் குடித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. உடம்பு தேறும், பலம் கூடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

பொடியாக வாங்காதீர்கள், கிழங்காகவே வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் மங்கிய பழுப்பு நிறத்தில் காய்ந்த வேராகக் கிடைக்கும். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், உள்ளே மாவாக வெளுத்திருக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் போகவில்லை, வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். பொடியில் இலை, தண்டு கலந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் இலையைத் தவிர்த்து வேரைப் பயன்படுத்தும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

சித்த மருத்துவத்தில் இதைப் பாலில் பிட்டவித்து, அதாவது பால் ஆவியில் புட்டுப்போல வேகவைத்து, சுத்தி செய்வார்கள். நானும் கிழங்கை அரைத்துப் பொடியாக்கி அப்படித்தான் செய்கிறேன். பாலும் தண்ணீரும் சம அளவு ஊற்றிய பாத்திரத்தின் வாயில் வெள்ளைத்துணியை இறுகக் கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி மூடி, ஆவியில் வேகவிட வேண்டும். வெந்ததும் புட்டு மாவு பதத்தில் உதிரும். வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி அரைத்துச் சலித்தால், இந்தக் கிழங்குக்கே உரிய குதிரை லாயத்து வாடை பாதிக்கு மேல் போய்விடும். ஒரு விடுமுறை நாள் வேலைதான், ஆனால் ருசியில் அவ்வளவு வித்தியாசம்.

ஒரு டம்ளர் பால், அரை டம்ளர் தண்ணீர், சுமார் 3 கிராம் பொடி. பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டுப் பாலைச் சேர்த்தால் கட்டி தட்டாது. சிறு தீயில் ஒரு டம்ளராகச் சுண்டவேண்டும். இரண்டு மிளகு, ஒரு ஏலக்காய் தட்டிப் போடுவேன். பனங்கற்கண்டை இறக்கிய பிறகு சேர்ப்பதுதான் நல்லது, கொதிக்கும்போது போட்டால் சில சமயம் பால் திரிந்துவிடும்.

தண்ணீர்விட்டான் கிழங்கையும் இதே பக்குவத்தில் காய்ச்சலாம், வாடை கிடையாது. சாயங்காலத்துக்கு எனக்குக் கருந்துளசியும் சுக்கும் போட்ட கொதிநீர் போதும். அதிமதுரம் இனிப்பாக இருக்கிறதே என்று தினமும் சேர்க்க வேண்டாம். நாள்பட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கர்ப்பிணிகள் அமுக்கராவைத் தொடக்கூடாது. தைராய்டு, சர்க்கரை, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம், அந்த மருந்துகளின் அளவோடு இது மோதும். அரிதாக ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான் இரண்டு மூன்று மாதம் குடித்தால் ஒரு மாதம் விட்டுவிடுவேன். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுவதால் அவருக்கு இரவில் மஞ்சள் பால்தான்.