ப்ளவ் லேனில் ஒரு சனிக்கிழமை மேட்ச்: கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது?

லண்டனுக்கு வருகிற நம்ம ஊர்ப் பையன்கள் எல்லாரும் கேட்பது ஆர்சனல் டிக்கெட், இல்லையென்றால் செல்சி டிக்கெட். இரண்டும் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் விலையைக் கேட்டால் ஊருக்குத் திரும்பிப் போகிற டிக்கெட்டே மலிவு என்று தோன்றும். அவர்களை எல்லாம் நான் ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். டென்னிஸ் விம்பிள்டன் இல்லை, அது வேறு பக்கம். இது ப்ளவ் லேன் என்கிற தெருவில், வாண்டில் ஆற்றை ஒட்டி இருக்கிற ஒரு சின்ன ஃபுட்பால் மைதானம். சுமார் 9,000 பேர் கொள்ளும். டிக்கெட் இருபத்துச் சொச்சம் பவுண்டு, குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. இப்போது குடியிருப்பது டூட்டிங். வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். விம்பிள்டன் எஃப்ரா ரோடு பிள்ளையார் கோயிலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நடக்கிற தூரம்தான். ஆனாலும் நம் ஆட்களை அங்கே அதிகம் பார்க்க முடிவதில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த விமர்சனம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிவியில் மான்செஸ்டர் சிட்டி ஆடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். பந்து தரையில் இருப்பதைவிட ஆகாயத்தில் இருப்பது அதிகம். நான் கடைசியாகப் போன மேட்ச்சில் முதல் பாதி முழுக்க இரண்டு சென்டர் பேக்குகளும் தலையால் முட்டிக்கொண்டே இருந்தார்கள். பாஸ் தப்பினால் கூட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் யாராவது ஓடாமல் நின்றால் போச்சு, கிழித்துத் தொங்கவிட்டுவிடும். வியாசர்பாடி கிரவுண்டிலும் இதே சட்டம்தான்.

ஆனால் இங்கே காசு கொடுத்து வாங்குவது ஆட்டத்தை மட்டும் அல்ல. இந்த கிளப்பையே ரசிகர்கள்தான் உண்டாக்கினார்கள். பெரும்பான்மைப் பங்கு இன்றைக்கும் அவர்கள் கையில், டான்ஸ் டிரஸ்ட் (Dons Trust) என்கிற அமைப்பின் பெயரில் இருக்கிறது. ஆடுகிற டான்ஸ் இல்லை, விம்பிள்டனின் கடைசி 'டன்' (don) வைத்து வந்த செல்லப்பெயர். ஆளுக்கு ஒரு ஓட்டு. யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். அந்தக் கதை தெரியாமல் போனால் ஒரு சுமாரான மேட்ச் பார்த்துவிட்டு வருவீர்கள். தெரிந்து போனால் கதையே வேறு.

பழைய விம்பிள்டன் எஃப்.சி. 1889-இல் தொடங்கியது. முக்கால்வாசி ஆயுளைச் சின்ன லீக்குகளில் கழித்துவிட்டு, 1977-இல் ஃபுட்பால் லீக் என்கிற தேசியத் தொழில்முறைப் போட்டிக்குள் நுழைந்து, ஒன்பதே வருடத்தில் முதல் டிவிஷனுக்கு வந்தது. 1988-இல் எஃப்.ஏ. கப் இறுதியில் லிவர்பூலை 1-0 என்று கவிழ்த்தது. கோல் போட்டவர் லாரி சான்செஸ். ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைப் பாய்ந்து தடுத்தவர் டேவ் பீசன்ட். வெம்ப்ளியில் நடந்த கப் இறுதி ஒன்றில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குக் கேலரியில் இருந்தவர்கள் இன்றைக்கு எழுபதை நெருங்குகிறார்கள். பக்கத்தில் உட்கார நேர்ந்தால், நீங்கள் கேட்காமலே சொல்வார்கள்.

அடுத்த வருடமே ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கிற கேலரியில் நெரிசலில் சிக்கி ரசிகர்கள் இறந்த துயரம். அதன் பிறகு பெரிய டிவிஷன் மைதானங்கள் முழுக்க இருக்கை வசதி கொண்டதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அப்போதைய ப்ளவ் லேன் பழைய காலத்து மைதானம். 1991-இல் அதை விட்டுவிட்டு, கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டிக்குடித்தனம் போனார்கள். கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். பழைய இடத்தில் பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. சொந்த இடம் கைவிட்டுப் போனதும் முதலாளிகளுக்கு ஊர் என்பதே ஒரு சுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். 2001-இல், கிளப்பை சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் வடக்கே மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். 1967-இல் திட்டம் போட்டு உருவாக்கிய புதுநகரம் அது. பெரிய டீம் எதுவும் அங்கே கிடையாது. வியாபாரக் கணக்கில் பார்த்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ரசிகர்கள் கத்திப் பார்த்தார்கள், கறுப்பு பலூன் விட்டார்கள், மேட்ச்சைப் புறக்கணித்தார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட ஒரு கமிஷன், 2-க்கு 1 என்ற கணக்கில் இடமாற்றத்தை அனுமதித்தது. போதாததற்கு, ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது ஃபுட்பாலின் பரந்த நலனுக்கு ஏற்றதல்ல என்றும் எழுதிவைத்தது. அதை எழுதாமல் இருந்திருந்தால்கூட இவர்கள் யோசித்திருப்பார்களோ என்னவோ! எழுதிய பிறகு யார் கேட்பார்கள்?

இரண்டே நாளில் கூட்டம் போட்டார்கள். மேல்முறையீடு, வழக்கு, இன்னும் ஒரு வருடம் போராட்டம் என்று பேச்சு போயிருக்கலாம். கிளப்பின் முதல் தலைவரான கிறிஸ் ஸ்டூவர்ட், போராடியது போதும், எனக்கு ஃபுட்பால் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி பேசினார். அவ்வளவுதான், தொடங்கிவிட்டார்கள். விம்பிள்டன் காமன் என்கிற பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றதும் 200-க்கும் மேற்பட்டவர்கள் பூட்ஸோடு வந்து நின்றார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் முதல் நட்பு ஆட்டம். 4-0 என்று உதை வாங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

ஆகஸ்டில் முதல் லீக் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் என்கிற குட்டி கிளப்பின் மைதானத்தில். வழக்கமாக ஒரு கல்யாணப் பந்தி அளவுக்குக்கூடக் கூட்டம் சேராத இடம். அன்றைக்கு 2,449 பேர். அந்த முதல் சீசனில் புது கிளப்பின் சராசரிக் கூட்டம் 3,000-க்கு மேல். இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப்புக்கு அவ்வளவுகூட வரவில்லை. இடையில் 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலே ஏறி, 2011-இல் லூட்டன் டவுனை பெனால்டியில் வென்று ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள்.

சரி, மைதானத்துக்கு வருவோம். வழி சொல்கிறேன். ரயிலில் வருவதானால் ஹேடன்ஸ் ரோடு ஸ்டேஷன் பக்கம். ஆனால் வண்டி அரை மணிக்கு ஒன்று என்கிற கணக்கில்தான் வரும், மேட்ச் விட்டதும் பிளாட்பாரம் நிரம்பி வழியும். நான் எல்லாரிடமும் சொல்வது டூட்டிங் பிராட்வேயில் இறங்கி நடந்து வாருங்கள் என்றுதான். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். திரும்பும்போதும் அதே வழி. டூட்டிங்கில் தோசைக்கும் கொத்து ரொட்டிக்கும் பஞ்சமில்லை. வழியில் எதையாவது வாங்கித் தின்னாதீர்கள். போகிற வழியில் ஒரு வண்டிக்கடையில் நான் வாங்கிய பர்கர் வெளியே சுட்டது, நடுவில் சில்லென்று இருந்தது.

முன்பு நாய்ப் பந்தய மைதானம் இருந்த நிலம் இது. பழைய ப்ளவ் லேனிலிருந்து கூப்பிடு தூரம். மேற்குப் பக்கம் மட்டும்தான் பெரிய கட்டடம், அலுவலகம், பார் எல்லாம் அதற்குள். மற்ற மூன்று பக்கமும் எளிமையான இரும்புக் கேலரிகள். சுற்றிலும் அதே திட்டத்தில் கட்டிய அடுக்குமாடிகள் எட்டிப் பார்க்கின்றன. சில பால்கனிகளில் இருந்து பார்த்தால் இலவச மேட்ச் தெரியுமோ என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தேகம். முதல் முறை போகிறவர்கள் தெற்குக் கேலரியில் டிக்கெட் எடுங்கள். அங்கே நின்றுகொண்டே பார்க்கலாம், முன்னால் இரும்புக் கம்பி இருக்கும். பாட்டும் வசவும் அங்கிருந்துதான் கிளம்பும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மேற்குப் பக்கம் நல்லது. பீர் கிளாஸோடு ஆட்டம் தெரிகிற இடத்துக்கு யாரும் வர முடியாது, அதற்கு 1985-லிருந்து சட்டமே இருக்கிறது. அதனால் குடும்பத்தோடு போகப் பயப்பட வேண்டாம்.

என் மகளுக்குப் பத்து வயது. ஹேடன் என்கிற முடி அடர்ந்த பொம்மை வேஷக்காரரோடு படம் எடுத்துக்கொண்டு குஷியாக வந்து உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்தில், பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில், "அப்பா, எம்.கே. டான்ஸ்னா யாரு? அவங்களும் டான்ஸ், இவங்களும் டான்ஸா?" என்று கேட்டுவிட்டாள். நாலு தலை திரும்பியது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "பாப்பா, இங்கே அந்த ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மில்டன் கீன்ஸ் போன கிளப் 2004-இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ், சுருக்கமாக எம்.கே. டான்ஸ், என்று பெயரை மாற்றியபோதும் 'டான்ஸ்' என்ற பழைய செல்லப்பெயரைத் தன்னோடு வைத்துக்கொண்டது. 2017-இல் அவர்கள் ஆட வந்தபோது, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஸ்கோர்போர்டில் 'மில்டன் கீன்ஸ்' என்று மட்டும் போட்டது. லீக் நிர்வாகம் அதற்காக நடவடிக்கை எடுக்க, விவகாரம் பல மாதம் இழுத்தது. பழைய கோப்பைகளும் வரலாறும் 2007-இல் விம்பிள்டன் பகுதியை நிர்வகிக்கும் மெர்ட்டன் கவுன்சிலிடம் திரும்பி வந்துவிட்டன. பெயரின் வால் மட்டும் வரவில்லை. எனக்கு மில்டன் கீன்ஸ் ரசிகர்கள் மேல் கோபம் கிடையாது. 2004-க்குப் பிறகு அந்த ஊரில் பிறந்த பிள்ளை தன் ஊர் டீமைத்தானே பார்க்கும்? ஆனால் இதை ப்ளவ் லேன் தெற்குக் கேலரியில் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

சொந்த மைதானத்துக்குத் திரும்பிய கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அத்தனை வருடமும் கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ என்ற மைதானத்தில் ஆடினார்கள். அதை செல்சிக்கு விற்று இங்கே கட்டத் தொடங்கியபோது, பணம் பெரிதாகத் துண்டு விழுந்தது. வெளியாள் முதலீட்டை வாங்கிப் பங்கை விட்டுக்கொடுப்பதா என்று பேச்சு வந்தது. ரசிகர்கள் தாங்களே கடன்பத்திரம் வெளியிட்டு ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். எவ்வளவு வட்டி வேண்டும் என்பதைப் பூஜ்ஜியத்திலிருந்து 4 சதவீதத்துக்குள் கொடுப்பவரே எழுதிக்கொள்ளலாம்! சீட்டுக் கம்பெனியில் ஏமாந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இது நம்பவே முடியாத ஏற்பாடு. 2020 நவம்பர் 3 அன்று டான்காஸ்டருடன் முதல் ஆட்டம், 2-2. கொரோனா காலம் என்பதால் காசு போட்டவர்கள் யாரும் உள்ளே போக முடியவில்லை. கேலரி முழுக்கக் காலி.

2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி, மைதானத்தின் ஒரு மூலையில் பெரிய பள்ளம் விழுந்தது. நியூகாசிலுடன் இங்கே நடக்க வேண்டிய கப் ஆட்டத்தை அங்கே மாற்ற வேண்டியதாயிற்று. அப்போதும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அந்த சீசன் முடிவில், 2025 மே மாதம், வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று, மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு ஏறினார்கள்.

நம் நாட்டில் இந்த மாதிரி ஒன்று நடக்குமா என்று நண்பர்கள் கேட்பார்கள். இடமாற்றம் நடந்துவிட்டது, அதைத் தெரிந்தவர்கள்கூடக் குறைவு. டெல்லி டைனமோஸ் 2019-இல் ஒடிசா எஃப்.சி. ஆனது. ஹைதராபாத் எஃப்.சி. 2025-இல் டெல்லிக்குப் போனது. அதைக் கேட்டு யாரும் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு வைக்கவில்லை. ஐந்தாறு வருட பந்தத்துக்கு அவ்வளவு வலி வராது என்பது ஒரு காரணம். டீம் தங்களுடையது என்று ரசிகர்களுக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை என்பது இன்னொன்று. எங்கள் ஏரியா டீம்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்சிக்குத் தெருவில் வசூல் பண்ணித்தான் ஆடுவார்கள். அதை யாராவது ஆவடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லட்டும், பார்ப்போம்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது ஆட்டத்துக்காகவும் அந்த ரயிலுக்காகவும். ஸ்டார் ஆட்டக்காரர்களோடு செல்ஃபி எடுக்க வேண்டும், பெரிய மியூசியம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கே போங்கள். அந்த நேரத்து ஆட்டங்களை இந்த நாட்டில் டிவியில் நேரடியாகக் காட்டமாட்டார்கள், அதனால் கூட்டம் மைதானத்தில்தான் இருக்கும். டிக்கெட்டை கிளப்பிடமே நேரடியாக வாங்குங்கள். மில்டன் கீன்ஸோடு ஆட்டம் இருக்கிற வாரம் என்றால் முதல் தடவை போகிறவர்கள் தவிர்த்துவிடலாம். டிக்கெட்டும் கிடைக்காது, ஆட்டத்தையும் யாரும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார்கள்.