ஒரு பொட்டலம் அசோஸ்பைரில்லமும் ஆறு வெண்டைப் பைகளும்

எங்கள் பகுதி நாற்றுக்கடை ஒன்றில் வாங்கிய 200 கிராம் அசோஸ்பைரில்லம் (காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடிக்குக் கிடைக்கச் செய்யும் பாக்டீரியா உரம்) பொட்டலத்தை மதிப்பிடுவதற்கு முன், அதை நான் சோதித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில், “ஆறு பை வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா, மாமா?” என்று வேளாண்மை படித்த தங்கை மகன் கேட்டது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதல் பருவத்தில், அர்கா அனாமிகா ரக வெண்டை விதையில் ஒரு பாதியை, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்த அந்தக் கருப்புத் தூளில் புரட்டி நிழலில் உலர்த்தி மாடியில் மூன்று செடி வளர்ப்புப் பைகளிலும், மறுபாதியை அப்படியே மூன்று பைகளிலும் விதைத்தேன். தூள் இட்டவை 2.3 கிலோவும் இடாதவை 1.6 கிலோவும் காய்த்தன. அந்த மகிழ்ச்சியில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மாடிக்கு வந்த தங்கை மகனோ காயைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியின் நிழலைப் பார்த்தான். தூள் இடாத மூன்று பைகள் மீதும் பிற்பகல் இரண்டு மணிக்கே அது விழுந்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் இடத்தை மாற்றி வைத்தபோது தூள் இடாத பைகளே முந்தின.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலும் மடத்துத் தோட்டத்தில்தானே பட்டாணி வளர்த்தார் என்று வாதிட்டேன்; அவர் 1856 முதல் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளைப் பார்த்தார் என்று பதில் வந்தது. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலால் தீர்மானிக்க வேண்டும் என இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிஷர் வலியுறுத்தியதையும் அவனே சொன்னான். ஆகவே மூன்றாம் பருவத்தில் திருவுளச்சீட்டுப் போட்டு இடம் ஒதுக்கினேன். வேறுபாடு நூறு கிராமைத் தாண்டவில்லை. பிழை எங்கே என்று தேடி மீண்டும் செய்து பார்த்ததால் இதை ஆராய்ச்சி என்றே சொல்வேன்; ஆனால் அசோஸ்பைரில்லம் பயனற்றது என்று ஆறு பைகளைக் கொண்டு சொல்ல மாட்டேன். மண்புழு உரம் தாராளமாக இட்ட பையில் தழைச்சத்துக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

கடையைப் பற்றித்தான் எனக்குக் குறை. உள்ளிருப்பது உயிருள்ள நுண்ணுயிர் என்று தெரிந்தும் பொட்டலங்களை வாசல் வெயிலில் அடுக்கியிருக்கிறார்கள். காலாவதித் தேதியின் மீதே விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிய பிறகுதான் இன்னும் மூன்று வாரமே மிச்சம் என்று தெரிந்தது.

பன்னிரண்டு பைகளில் செய்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வதாகத் தங்கை மகன் சொல்கிறான். துணிக்கொடிக்கு அடியில் இன்னும் நான்கு பைகளுக்குத்தான் இடமிருக்கிறது.