எதிர்ப்பு பேனர் எழுத தண்டையார்பேட்டை ஓவியர் கடை: போகலாமா?

டீம் தொடர்ந்து தோற்கிறது, நிர்வாகத்துக்கு உறைக்கிற மாதிரி ஒரு பேனர் பிடிக்கலாம் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஓடுவது ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான். இரண்டு மணி நேரத்தில் கையில் கிடைத்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேடியத்துக்கு ஃப்ளெக்ஸ் சரிப்படாது. மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து மை உதிரும். சுருட்டி எடுத்துப் போனால் உள்ளே பைப் இருக்கிறதா என்று கேட்டில் நிறுத்துவார்கள். எல்லாம் தாண்டிப் பிரித்துப் பிடித்தாலும் ஃப்ளட்லைட் பட்டுப் பளபளத்து, எதிர் ஸ்டாண்டில் இருப்பவருக்குப் பாதி எழுத்து தெரியாது.

தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் இன்னும் கையால் துணியில் எழுதித் தரும் ஓவியர் கடை இருக்கிறது. சுவர் விளம்பரக் காலத்துக் கை. ஊருக்கெல்லாம் போர்டு எழுதியவர், தன் கடைக்கு ஒன்று எழுதிக்கொள்ளவில்லை. எழுத்தில் குறை சொல்ல இடமில்லை; மற்ற விஷயங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

துணியை நாம்தான் வாங்கித் தர வேண்டும். காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, 48 அங்குல அகலம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் விசாரித்து வாங்கலாம். புதுக் காடாவில் கஞ்சி இருக்கும். அப்படியே எழுதினால் பெயின்ட் மேலாகவே நின்று, மடிக்கும்போது பொடிப்பொடியாக உதிரும். ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்துக் கொடுங்கள். துணி சுருங்கும். 20 அடி பேனர் என்றால் 6.1 மீட்டர் போதும் என்று கணக்குப் போட்டு ஏமாறாமல் 7 மீட்டராக வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் அவர் கணக்கு பக்கா. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஃபுட்பால் மைதானத்தின் அகலம், இருபுறமும் ஓடுதளம், அதைத் தாண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் எதிர் ஸ்டாண்டுக்குச் சுமார் 100 மீட்டர், அதாவது 330 அடி. ஆகவே 33 அங்குல எழுத்துக்குக் குறைந்தால் அது பேனரில்லை, கைக்குட்டை. 'பதில் எங்கே' என்று மட்டும் எழுதினாலே 20 அடி பிடிக்கும். நான்கு வரி வசனத்தோடு போனால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

தமிழில் எழுதும்போது புள்ளிதான் வில்லன். தூரத்தில் முதலில் மறைவது அதுதான். 'பதில்' என்பது 'பதில' ஆகிவிடும். இவர் புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குக் கொஞ்சமும் குறையாமல், முழு வட்டமாக வைக்கிறார். 'ண', 'ணை' மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளில் கோட்டை மெலிதாக்கிச் சுழிக்குள் வெள்ளை தெரியும்படி விடுகிறார். கம்ப்யூட்டர் ஃபான்ட்டைப் பெரிதாக்கி அடிக்கும் கடையில் இந்தக் கவனம் கிடைக்காது.

இனி கோளாறுகள். சும்மா விட்டால் எனாமல் பெயின்ட்டில் எழுதிவிடுவார். எண்ணெய் துணியில் கசிந்து எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டும், காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கும். போஸ்டர் கலரும் வேண்டாம், வியர்வைக் கை பட்டாலே கரையும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்துக்கு நிழல் போடும் ஆசையும் அவருக்கு உண்டு, கறாராக மறுத்துவிடுங்கள். மஞ்சளில் கறுப்பு, நீலத்தில் வெள்ளை நன்றாக எடுபடும். நீலத்தில் சிவப்பு கண்ணைக் கூசும், படிக்க வராது. வாசகத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டுப் பிழை வந்த பிறகு சண்டை போட்டால் அவர் கேட்க மாட்டார். கூலி பேசும்போது பெயின்ட் அதில் அடக்கமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைப் பெயர் சொல்லித் திட்டுவது, குடும்பத்தை இழுப்பது என்றால் எழுத மாட்டார். நமக்கும் அதுதான் நல்லது. வசவு பேனரைப் பிடுங்குவது சுலபம், கணக்குக் கேட்கிற பேனரைப் பிடுங்கினால் பிடுங்கியவருக்குத்தான் அசிங்கம். 2025 ஐபிஎல்லில் சிஎஸ்கே 14 ஆட்டங்களில் 4 மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. '14க்கு 4' என்று எழுதினால் போதாதா? தமிழ் தெரியாத கேமராமேனுக்கும் புரியும். 2015லும் 2018லும் ஐஎஸ்எல் ஃபுட்பால் கோப்பை தூக்கிய சென்னையின் எஃப்சிக்கு '2018க்குப் பிறகு?' என்று எழுதலாம். 2016 பிப்ரவரியில் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் லிவர்பூலின் ரசிகர்கள் 77 பவுண்ட் டிக்கெட்டை எதிர்த்து 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது டீம் 2-0 என முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு நம்பர். ஓவியருக்குப் பிடித்த வாடிக்கையாளர்களும் இப்படிப்பட்டவர்கள்தான்.

தைப்பது கடையில் கிடையாது. மேலும் கீழும் 2 அங்குலம் மடித்துத் தெருமுனை டெய்லரிடம் அடித்து, உள்ளே நைலான் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். கட்டை, கம்பி எதுவும் வேண்டாம், கேட்டிலேயே போய்விடும். 20 அடிக்கு ஐந்து பேர் பிடிக்க வேண்டும். நான்கு பேர் என்றால் நடுவில் தொய்ந்து எழுத்து மடங்கும். விளம்பரப் பலகையை மறைத்துக் கட்டினால் உடனே அவிழ்ப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது தூக்கினால் பின்வரிசையில் இருப்பவர் நம்மோடுதான் சண்டைக்கு வருவார், இடைவேளையில் தூக்குங்கள்.

ஸ்டேடியத்துக்கு வெளியே கூட்டமாக நிற்பதென்றால் சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்பே அனுமதி கேட்டு மனு கொடுக்க வேண்டும். ரோட்டோரக் கம்பத்தில் கட்டும் யோசனையே கூடாது. 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததை ஊர் மறக்கவில்லை.

ஆர்டரை மேட்சுக்கு நான்கு நாள் முன்பாவது கொடுத்துவிடுங்கள். கடல் காற்றின் ஈரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், மேலே காய்ந்தது போலத் தெரியும் பெயின்ட் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். அவசரப்பட்டு மடித்தால் ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு கொடியில் விரித்துப் போட்டு, மடிக்கும்போது இடையில் பழைய வேட்டித் துணி வையுங்கள். நியூஸ் பேப்பர் வைக்காதீர்கள், அன்றைய தலைப்புச் செய்தியும் பேனரில் ஏறிவிடும்.